பச்சைப் பாம்பை வீட்டில் வளர்க்கலாமா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவாது. ஆற்றோரம், வேலியோரம், செம்பனங்காட்டு ஓரம் என்று சுற்றிவிட்டு மாலையில் திரும்பும்போது எதையாவது கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். ஒருநாள் போத்தலில் சண்டை மீன். ஒருநாள் தீப்பெட்டியில் சிலந்தி. இன்னொரு நாள், ஆணியால் மூடியில் ஓட்டை போட்ட மைலோ டின். திறந்து பார்த்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் ஒரு பச்சைப் பாம்பு!

"இது ஒன்னும் செய்யாதும்மா. நான் வளர்க்கப் போறேன்" என்பான் பையன்.

அம்மா அலறுவாள். அப்பா பாராங் கத்தியைத் தேடுவார். பாட்டி, "ஐயையோ, கண்ணைக் கொத்திப்புடுமே!" என்று பதறுவாள். ஐந்து நிமிடத்தில் பாம்பு இரண்டு துண்டாகிவிடும். பையன் அழுவான். அத்தோடு கதை முடிந்துவிடும்.

உண்மையில் கதை அத்தோடு முடிவதில்லை. பாம்பைப் பிடித்த பிள்ளையின் ஆசை அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை அவன் வீட்டுக்குத் தெரியாமல் பிடிப்பான். பட்டணத்துப் பிள்ளைகளோ, பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவர்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, தாங்களும் ஒன்று வாங்கி வளர்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஆகவே, அடிப்பதற்கும் வளர்ப்பதற்கும் முன்னால் இந்தப் பாம்பு எப்படிப்பட்டது என்று பெற்றோராகிய நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கொடியா, பாம்பா?

பச்சைப் பாம்பை மலாய்க்காரர்கள் 'உலார் பூச்சோக்' என்பார்கள். பூச்சோக் என்றால் தளிர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! விஞ்ஞானிகள் இதற்கு 'அஹேதுல்லா பிராசினா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிராசினா என்றால் வெங்காயத்தாளின் பச்சை நிறம் என்று பொருள்.

உடம்பு நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். ஆனால் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் போகும். நன்றாக வளர்ந்தது ஏறக்குறைய இரண்டு மீட்டரையும் எட்டும். தலை ஒடுங்கி, மூக்கு ஈட்டி முனைபோல் கூர்ந்திருக்கும். எல்லாமே பச்சையாக இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருப்பவை உண்டு.

இது பகலில் நடமாடும் பாம்பு. செம்பருத்தி வேலி, மூங்கில் புதர், காட்டோரச் செடிகள் இவையே இதன் வீடு. காற்றடித்துக் கிளை ஆடினால் இதுவும் கூடவே ஆடும். பார்ப்பவர் அதைக் கொடி என்றே நினைத்துப் போய்விடுவார். பல்லி, ஓணான், தவளை, சிறு குருவி இவைதாம் இதன் இரை. முட்டையிட்டு அடைகாக்கும் வழக்கம் இதற்கு இல்லை. தாயின் வயிற்றிலேயே வளர்ந்து குட்டிகளாகப் பிறக்கின்றன.

கண்ணைக் கொத்துமா?

கொத்தாது. பாட்டி சொல்லும் பயம் இன்று நேற்று வந்ததல்ல. தமிழில் இதற்குக் 'கண்கொத்திப் பாம்பு' என்றே ஒரு பெயர் இருக்கிறது. இலங்கையில் வழங்கும் சிங்களப் பெயருக்கும் கண்ணைப் பறிப்பது என்றுதான் பொருள். அந்தச் சிங்களப் பெயரிலிருந்துதான் 'அஹேதுல்லா' என்ற விஞ்ஞானப் பெயரே பிறந்தது. நம் பாட்டியின் பயம் விஞ்ஞானப் புத்தகம்வரை போயிருக்கிறது!

ஆனால் இந்தப் பாம்பு கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை. இது இருப்பது நம் முகத்துக்கு நேரான கிளைகளில். பூப்பறிக்கவோ வேலி வெட்டவோ நாம் செடிக்குள் தலையை நீட்டும்போது, பயந்துபோய் முன்னால் தெரியும் முகத்தை நோக்கிச் சீறும். அதைப் பார்த்த நம் முன்னோர் கண்ணுக்குத்தான் குறி வைக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

இதன் கண்ணிலும் ஓர் அதிசயம் உண்டு. விரியன் பாம்புக்குக் கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் செங்குத்தாக இருக்கும். பச்சைப் பாம்புக்கோ கண்மணி படுக்கைவாட்டில், சாவித் துவாரம்போல் இருக்கும். கண்ணுக்கு முன்னால் மூக்குவரை ஒரு பள்ளம் ஓடுகிறது. அதனால் இரண்டு கண்களாலும் நேர் முன்னால் இருக்கும் ஒரே பொருளைப் பார்த்துத் தூரத்தை அளந்துகொள்ள முடிகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பல்லியையும் இது கண்டுகொள்ளும். "கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறான்" என்று நாம் சொல்வது பொய்யில்லை. கொத்துவதுதான் பொய், பார்ப்பது மெய்!

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பச்சைப் பாம்பைப் பிடித்துக் கையால் ஓர் உருவு உருவிவிட்டால், அந்தக் கை சமைக்கும் சமையல் மணக்குமாம். தாய்மார்களே, உங்கள் குழம்பு மணப்பதற்குக் காரணம் நீங்கள் வறுத்து அரைக்கும் மசாலைதான். பாம்பின் தயவு அதற்குத் தேவையில்லை.

விஷம் உண்டா?

உண்டு. ஆனால் மிகக் குறைவு. நாகம், விரியன்போல் இதற்கு வாயின் முன்பக்கத்தில் விஷப்பல் கிடையாது. மேல்தாடையின் பின்பகுதியில் சிறு பற்கள் இருக்கின்றன. பிடித்த பல்லியை மென்று மென்று அந்தப் பற்களுக்குக் கொண்டுபோன பிறகே விஷம் இறங்கும். பல்லி மயங்க அது போதும். மனிதனைக் கடித்தால் அந்த இடத்தில் வலியும் வீக்கமும் மரமரப்பும் வரலாம். உயிருக்கு ஆபத்தில்லை.

"அப்படியானால் வளர்க்கலாமே?" என்று உங்கள் பிள்ளை உடனே கேட்பான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இனிமேல்தான் இருக்கிறது.

கூண்டில் அடைத்தால் என்ன ஆகும்?

மேல்நாடுகளில் பாம்பு வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களில் அனுபவம் மிகுந்தவர்களே பச்சைப் பாம்பைக் கடினமான பாம்பு என்கிறார்கள். ஏன் என்று பாருங்கள்.

முதலாவது, தண்ணீர். இந்தப் பாம்பு இலைமேல் நிற்கும் மழைத்துளியையும் பனித்துளியையும் குடித்து வாழ்வது. கிண்ணத்தில் நீங்கள் ஊற்றி வைக்கும் தண்ணீரை அது தண்ணீர் என்றே கண்டுகொள்ளாமல் போகலாம். நாள்தோறும் செடி கொடிகளின்மேல் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால்தான் குடிக்கும். தெளிக்க மறந்தால் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கவே தாகத்தால் வாடும்.

இரண்டாவது, தீனி. பாலும் முட்டையும் வைத்தால் தின்னும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பால் எந்தப் பாம்புக்கும் உணவல்ல. முட்டையும் இதற்கு ஆகாது. வளர்ப்புப் பாம்புகளுக்குக் கொடுப்பதுபோல் செத்த எலியைக் கொடுத்தாலும் பெரும்பாலும் தொடாது. இதற்கு வேண்டியது ஓடுகிற பல்லியும் ஓணானும். வாரா வாரம் அவற்றை உயிரோடு பிடித்துத் தர யாரால் முடியும்? வீட்டுச் சுவரில் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும் பல்லியை எல்லாம் பிடித்துப் போட்டுவிட்டால், அப்புறம் பூச்சியை யார் பிடிப்பது?

மூன்றாவது, இடம். கிளைக்குக் கிளை தாவிப் பழகிய இந்த உடம்புக்கு உயரமான, செடி நிறைந்த, காற்றோட்டமுள்ள கூண்டு வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் போட்டால் கண்ணாடி என்று தெரியாமல் கூர்மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கும். மூக்குத் தோல் உரிந்து புண்ணாகும். புண் வாய்க்குள் பரவினால் இரை எடுக்காது. இரும்பு டின்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்தடியில் கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே அது அடுப்பில் வைத்த சட்டியாகிவிடும்.

நான்காவது, நோய். காட்டில் பிடித்த பாம்பின் வயிற்றில் புழுக்கள் இருக்கும். வெளியில் திரியும்போது அவற்றைத் தாங்கிக்கொள்கிற உடம்பு, பயத்திலும் பட்டினியிலும் தாங்காது. பிடித்து வந்த பச்சைப் பாம்புகள் பல, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ செத்துப்போவது இதனால்தான். வெளியே பார்க்க அது அமைதியாக இருப்பதுபோல் தோன்றும். "பழகிவிட்டது" என்று பிள்ளை மகிழ்ந்துகொண்டிருப்பான். அது பழகவில்லை, சோர்ந்து கிடக்கிறது.

நாய்க்குட்டி உங்களைக் கண்டால் வாலை ஆட்டும். கிளி பெயர் சொல்லிக் கூப்பிடும். பாம்பிடம் இவற்றை எதிர்பார்க்க முடியாது. நாளடைவில் மனிதக் கைக்கு அது பயப்படாமல் இருக்கலாம், அவ்வளவுதான். பச்சைப் பாம்பைக் கையில் எடுக்கும்போது அது கழுத்தை உப்பவைத்து, செதில்களுக்கு இடையே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் காட்டினால், அதைப் பார்த்து "அழகு!" என்று கை தட்டாதீர்கள். "என்னை விட்டுவிடு" என்று அது சொல்கிற விதம் அதுவே.

பச்சையெல்லாம் பச்சைப் பாம்பு அல்ல

இதுவரை பாம்புக்காகப் பேசினேன். இனி உங்கள் பிள்ளைக்காகப் பேசுகிறேன். தயவுசெய்து இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"பச்சைப் பாம்பு ஒன்றும் செய்யாது" என்று பழகிய கை, பச்சையாகத் தெரிவதை எல்லாம் பிடிக்கப் போகும். நம் நாட்டில் பச்சை நிறத்தில் விரியன் பாம்புகளும் இருக்கின்றன. மலாயில் இவற்றை 'உலார் காப்பாக்' என்பார்கள். காப்பாக் என்றால் கோடரி. அகன்ற தலையைப் பார்த்து வைத்த பெயர். பினாங்கில் சுங்கை குளுவாங்கில் 1850ஆம் ஆண்டு கட்டப்பட்ட பாம்புக் கோயிலுக்குப் போனவர்கள், அங்கே கிளைகளில் அசையாமல் கிடக்கும் பாம்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த வகைதான். அதனாலேயே அவற்றுக்கு 'உலார் காப்பாக் தோக்கோங்', அதாவது கோயில் விரியன் என்று பெயர். அந்த இனத்தில் குட்டிகளும் ஆண் பாம்புகளும் பச்சையாக இருக்கும். கேமரன் மலைப் பகுதியில் இருக்கும் பச்சை விரியன் ஒன்று 2004ஆம் ஆண்டில்தான் தனி இனமாகவே பதிவாயிற்று. தேயிலைத் தோட்டத்து வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விரியனின் விஷப்பல் வாயின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. கடித்தால் கடுமையான வலி வரும், கை கால் வீங்கும். சில விரியன்களின் விஷத்தால் இரத்தம் உறையாமல் கசியவும் கூடும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் இவை:

பச்சைப் பாம்பின் தலை ஒடுங்கி நீண்டு, மூக்கு கூர்மையாக இருக்கும். விரியனின் தலை முக்கோணமாக அகன்று, கழுத்து ஒட்டியிருக்கும்.

பச்சைப் பாம்பின் உடம்பு கயிறுபோல் மெல்லியது. விரியனின் உடம்பு தடித்தது, நீளம் குறைந்தது.

பச்சைப் பாம்பின் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். விரியனுக்குச் செங்குத்துக் கோடு. அத்துடன் விரியனின் கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஒரு சிறு குழி உண்டு. இரையின் உடம்புச் சூட்டை அந்தக் குழியால்தான் அது உணர்கிறது.

பச்சைப் பாம்பு பகலில் நடமாடும். விரியன் பகலில் ஒரே கிளையில் அசையாமல் கிடந்து இரவில் வேட்டையாடும்.

இந்த வேறுபாடுகளை எல்லாம் நான் எழுதுவது பிள்ளைகள் அருகில் போய்ச் சரிபார்ப்பதற்காக அல்ல! கண்மணி படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால், அது கடிக்கிற தூரம். அசையாத பச்சைப் பாம்பு சாதுவானது என்று எண்ணுவதும் தவறு. அசையாமல் கிடப்பதுதான் விரியனின் இயல்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஒன்பது முறை சரியாகத் தெரியலாம். பத்தாவது முறை தவறினால் என்ன ஆகும்? பாம்பைக் கையால் எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் காட்டு விலங்குகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. பட்டியலில் உள்ள உயிரினங்களை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை உண்டு. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. கடையில் விற்கிறார்கள், கைப்பேசியில் விளம்பரம் வருகிறது என்பதற்காக எந்தப் பாம்பையும் வாங்கிவிடாதீர்கள். 'பெர்ஹிலித்தான்' என்று நாம் சொல்லும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே எந்தப் பாம்பையும் வீட்டில் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி கிடையாது.

கடித்துவிட்டால்?

கடித்தது பச்சைப் பாம்புதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், கடிவாயைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவி மருந்தகத்தில் காட்டுங்கள். சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் விரியன் கடித்ததாகவே வைத்துக்கொண்டு நடங்கள்.

கடிபட்டவரை நடக்க விடாமல், பதற்றப்படுத்தாமல் உட்கார வையுங்கள். வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், காப்பு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, உடனே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வண்டி இல்லையென்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். பச்சிலை அரைத்துப் பூசிக்கொண்டும் மந்திரிக்க ஆள் தேடிக்கொண்டும் நேரத்தைக் கடத்தாதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதன் பின்னால் ஓடி இன்னொருவரும் கடி வாங்கியதுதான் மிச்சமாகும். தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் அதுவே மருத்துவருக்குப் போதும். வலி குறைந்துவிட்டது என்று மருத்துவமனையிலிருந்து நீங்களாகவே திரும்பி வந்துவிடவும் வேண்டாம். விஷம் வேலை செய்கிறதா என்று மருத்துவர்கள் மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் பிள்ளையின் ஆசை?

பிள்ளைக்குப் பாம்பின்மேல் ஆசை வந்தது குற்றமல்ல. அது நல்ல அறிகுறிகூட. பார்க்கிற கண்ணும் கேட்கிற மனமும் உள்ள பிள்ளைக்குத்தான் அந்த ஆசை வரும். அதை விளக்குமாற்றால் அடித்து விரட்டாதீர்கள். வேறு வழியில் திருப்பிவிடுங்கள்.

பச்சைப் பாம்புக்கு ஏற்ற வீடு உங்கள் வேலியிலேயே இருக்கிறது. செம்பருத்தியை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் அடர்ந்து வளர விடுங்கள். வேலிச் செடியின்மேல் களைக்கொல்லி அடிக்காதீர்கள். பல்லியும் ஓணானும் அங்கே பிழைத்துக் கிடந்தால், பாம்பும் தானே வந்து போகும். தண்ணீர் தெளிக்க மழை இருக்கிறது. தீனி தேட அதற்கே தெரியும். உங்களுக்கு ஒரு காசு செலவில்லை.

பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். காலை வெயில் ஏறும் நேரத்தில், ஆறடிக்குக் குறையாத தூரத்தில் நின்று வேலியைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாளும் தெரியாமல் போகலாம். பிறகு ஒருநாள், காற்று நின்ற பிறகும் ஒரு கொடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்! எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தச் செடி, எதைத் தின்றது என்று அவன் எழுதி வைக்கட்டும். படம் வரையட்டும். அடைத்து வைத்தவனுக்குப் பார்க்கக் கிடைப்பது சுருண்டு கிடக்கும் பாம்பு. காத்திருந்து பார்க்கிறவனுக்கு அதன் வேட்டையும் தெரியும், நடையும் தெரியும்.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: கையால் தொடக்கூடாது, குச்சியால் குத்தக்கூடாது. பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள். அவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். பாராங்கைத் தேட வேண்டாம்.

பச்சைப் பாம்பு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நம் வேலியில் ஒரு கிளையும், நம் கைக்கு எட்டாத ஆறடியும் இருந்தால் அதற்குப் போதும். கண்கொத்திப் பாம்பாய்க் கவனிக்க வேண்டியது உங்கள் பிள்ளையின் கையைத்தான்!